நிற்காமல் கிள்ளான் வரை

2023 ஜூன் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே கால் மணிக்கு நான் கௌஸை முதன்முதலாகச் சந்தித்தேன். அன்று கோலாலம்பூரின் மையச் சாலைகளில் மோட்டார் வாகனங்களை நிறுத்திவிட்டு மிதிவண்டிக்காரர்களை விட்டிருந்தார்கள். அத்தனை கூட்டத்திலும் தலைக்கவசத்தை முன்பின் மாற்றி அணிந்திருந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

"பாஸ், இது சரியாத்தான் மாட்டியிருக்கா? எல்லாரும் சிரிச்சிட்டுப் போறாங்க" என்றார் அவர்.

"தெரியலங்க. உங்களப் பாத்துத்தான் நானும் மாட்டினேன்."

"நான் உங்களப் பாத்துல்ல மாட்டுனேன்!"

கௌஸ் பிரிக்ஃபீல்ட்ஸில் சாப்பாட்டுக்கடை நடத்துபவர். ராமநாதபுரக் கடற்கரையிலிருந்து வந்த அவருடைய தந்தை தொடங்கிய கடை அது. அகன்ற உடம்பு, வாய்கொள்ளாத சிரிப்பு, ஐம்பத்து மூன்று வயது. நான் ஒரு கல்லூரியில் கணக்கியல் கற்பிக்கும் சண்முகரத்தினம். திட்டமிடுவது என் பழக்கம், புறப்படுவது அவர் பழக்கம். அன்று காலை அவருடைய கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்று முடிப்பதற்குள், மிதிவண்டியில் நெடும்பயணம் போவதென்று முடிவாகிவிட்டது. மலாக்காவிலிருந்து தொடங்கலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"மலாக்காவுல நம்ம ஊர்க்காரங்க கடை பதினொண்ணு இருக்கு சார். வேணாம்."

"ஈப்போ?"

"ஈப்போவா? மாமா பசங்களே நாலு பேரு. தாய்லாந்து போவோம். அங்க எனக்கு ஒருத்தனையும் தெரியாது."

அவருடைய ஊர்க்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கடையை மற்றவர் தாண்டிச் செல்லும்போது உள்ளே நுழைந்து ஒரு குவளை தேநீராவது குடிக்காமல் போவது பெரிய அவமதிப்பு. குடித்துவிட்டுக் காசை நீட்டுவது அதைவிடப் பெரிய அவமதிப்பு. முப்பது ஆண்டுகளாகக் கல்லாவில் அமர்ந்து ஊருக்கே சோறு போட்டவர், வெளியே போனால் தாமும் விருந்தாளியாகவே நடத்தப்பட்டார்.

"என்னை யாருன்னே தெரியாத ஒரு எடத்துல உக்காந்து, காசு குடுத்து ஒரு டீ குடிக்கணும் சார். அவ்வளவுதான் ஆசை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்; எனினும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த கை அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

ரயிலில் ஏற்றலாம் என்ற ஒரே காரணத்துக்காக மடக்கு மிதிவண்டிகளை வாங்கினோம். சிறிய சக்கரத்தின்மேல் கௌஸ் அமர்ந்தபோது, வண்டி அவரைச் சுமக்கிறதா அவர் வண்டியைச் சுமக்கிறாரா என்பது எளிதில் விளங்கவில்லை. மணி பொருத்த வேண்டிய தேவை மட்டும் எழவில்லை. அவருடைய மனைவி ஆரிஃபாவின் தொலைபேசி அழைப்பு சந்துக்குச் சந்து ஒலித்து வழிவிடச் செய்தது. கொத்தமல்லி வந்ததா, எரிவாயு தீர்ந்ததா, ஐஸ்காரன் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். இவர் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொல்வார்.

முதல் ஒத்திகையாகப் பழைய கிள்ளான் சாலை வழியே கிள்ளானுக்குப் புறப்பட்டோம். நேரப்பட்டியல் நான் வகுத்தது. அதில் ஊர்க்காரர்களுக்கு இடமில்லை. ஆனால் சாலையில் அவர்கள் இருந்தார்கள். கிள்ளானை அடைந்தபோது ஐந்து கடைகளில் சாப்பிட்டிருந்தோம். ஆறாவது, கிள்ளானிலேயே கடை வைத்திருந்த ஜாகிருடையது. அங்கே பிரியாணிக்குப் பிறகு கௌஸ் பெஞ்சில் சாய்ந்து உறங்கிவிட்டார். ஜாகிரின் லோரியில்தான் ஊர் திரும்பினோம்.

கல்லாவிலிருந்து எழுந்துவந்த ஆரிஃபா, லோரியிலிருந்து இறங்கிய எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான், சைக்கிள் ஓட்டப் போனீங்களா, கல்யாண வீட்டுக்குப் போனீங்களா? சார், உங்க சட்டையில சால்னா ஊத்தியிருக்கு."

பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லோரி ஏறாமல் கிள்ளான் சென்று, மதியச் சாப்பாட்டுக் கூட்டம் தொடங்குவதற்குள் கடை திரும்ப வேண்டும். தவறினால் மிதிவண்டிகள் விற்பனைக்குப் போகும்.

"வந்துட்டா?" என்றார் கௌஸ்.

"வந்துட்டா, நீங்க தாய்லாந்துல இருக்குற வரைக்கும் நான் ஒரு போனும் பண்ண மாட்டேன். கொத்தமல்லி தீர்ந்தாலும் சரி, கடையே தீப்பிடிச்சாலும் சரி. இது வாக்கு."

கௌஸ் இம்முறை முன்யோசனையோடு நடந்துகொண்டார். நடந்துகொண்டதாக நினைத்தார். சனிக்கிழமை மாலை வழியிலுள்ள கடைக்காரர்கள் அனைவரையும் தொலைபேசியில் அழைத்து, "நாளைக்கு உன் கடையத் தாண்டிப் போவேன், நிக்க மாட்டேன், கோவிச்சுக்காத" என்று பணிவாகத் தெரிவித்தார். எல்லாரும் மனதாரச் சம்மதித்தார்கள். அத்தனை எளிதில் சம்மதித்தது ஏன் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

மறுநாள், வழியிலிருந்த முதல் கடையின் முன்னே, சாலையோரத்தில், ஓட்டப்பந்தயத்துக்கு நிற்பவரைப் போலக் கடைக்காரர் பர்வேஸ் நின்றிருந்தார். இரு கைகளிலும் பொட்டலங்கள்.

"நிக்க வேணாம் கௌஸ் காக்கா! நிக்கவே வேணாம்! ஓட்டிக்கிட்டே வாங்கிக்கங்க, எல்லாம் புங்குஸ் பண்ணி, பொட்டலமாக் கட்டிட்டேன்!"

கூடவே ஓடிவந்து, கயிறு கட்டிய பிளாஸ்டிக் பைகளில் தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீரைக் கௌஸின் கைப்பிடியில் இருபுறமும் மாட்டிவிட்டார். அடுத்த கடையில் மீன் கறி. அதற்கடுத்து, கறி அடைத்த முர்தபா ரொட்டி. ஷா ஆலமை நெருங்கும்போது தேநீர்ப் பையொன்று சக்கரத்தில் உரசி வெடித்தது. பின்னால் வந்த எனக்கு அன்றைய முதல் தேநீர் முகத்தில் கிடைத்தது. கிள்ளானில் ஜாகிர், கௌஸின் இருக்கைக்குப் பின்னே பிரியாணிப் பெட்டியையே வைத்துக் கட்டினார்.

"ஒரு எடத்துலயும் நிக்கல பாத்தீங்களா சார்?" என்றார் கௌஸ் பெருமையோடு.

திரும்பும் வழியில் ஏற்றம் வந்தது. மிதிவண்டி நின்றுவிட்டது. கௌஸ் இறங்கித் தள்ளினார்; முகம் சிவந்து, சட்டை நனைந்து, மூச்சு இரைந்தது. பொட்டலங்களை இங்கேயே வைத்துவிட்டுப் போகலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பின் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. இனி நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. "காசு குடுத்து ஒரு டீ" என்று அவர் தமக்குத்தாமே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

ஏற்றத்தின் உச்சியில் ஒரு பேருந்து நிறுத்தம். இரவுப்பணி முடித்த ஆலைத் தொழிலாளர்கள் சிலர் வராத பேருந்துக்காகக் காத்துக்கிடந்தார்கள். கௌஸின் முகம் மலர்ந்தது. வண்டியைச் சாய்த்துவிட்டுப் பொட்டலங்களைப் பிரித்தார். கொடுத்துவிட்டுக் கிளம்புவார் என்றுதான் எதிர்பார்த்தேன். அவரோ யாருக்குக் கறி வேண்டும், யாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு என்று கேட்டுப் பரிமாறத் தொடங்கிவிட்டார்.

"கௌஸ், சாப்பாட்டுக் கூட்டம் வந்துடும்!"

"இதுவும் சாப்பாட்டுக் கூட்டந்தான் சார். தம்பி, நீ மீன வாங்கலியே?"

சுமை இறங்கிய மிதிவண்டியில் அதன்பின் அவர் போன வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் கடைமுன் வந்து நின்றபோது, சுவரோர மேசையில் ஒருவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"கூட்டம் ஆரம்பிச்சாச்சு மச்சான்" என்றார் ஆரிஃபா, அவரைக் கைகாட்டி.

"ஒரு ஆளு எப்படிக் கூட்டமாகும்? அதுவும் அவரு டீக்கு வந்தவரு! பாஸ், நீங்க சாப்பாட்டுக்கு வந்தீங்களா, டீக்கா?"

அந்த மனிதர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "நான் டாய்லெட் போக வந்தேன் லா. சும்மா போகக் கூடாதுன்னு உக்காந்தேன்."

ஆரிஃபா சிரித்த சிரிப்பில் கல்லாவே அதிர்ந்தது. "போங்க. தாய்லாந்து போய்த் தொலைங்க" என்றார்.

அவ்வாண்டு நவம்பரில், மடித்துப் பையிலிட்ட மிதிவண்டிகளோடு கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் ரயிலேறி, பாடாங் பெசாரில் இறங்கி எல்லையைக் கடந்தோம். ஹட்யாய் செல்லும் சாலையில், தகரக் கூரையிட்ட ஒரு சிறு கடையில் கௌஸ் தேநீர் கேட்டார். கடைக்காரப் பெண் அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர் காசு கொடுத்தார். அவள் மீதியைக் கொடுத்தாள். இரண்டு கைகளாலும் குவளையைப் பிடித்துக்கொண்டு, கடைசிச் சொட்டுவரை மெல்லக் குடித்தார். "சீனி தூக்கல்" என்றார், அவ்வளவு நிறைவாக.

பிறகு கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"சார், எனக்கு ஒரு கால் அடிங்க. லைன் வேலை செய்யுதான்னு பாப்போம்."

அடித்தேன். வேலை செய்தது. அதைப் பைக்குள் போடாமல் மேசைமேல் வைத்துக்கொண்டார்.

ஹட்யாயை நாங்கள் அடைந்த வேளையில் அது ஒலித்தது. முதல் ஒலி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

"மச்சான், கொத்தமல்லிக்கு யார்கிட்ட சொல்லணும்?" ஆரிஃபாவின் குரல் எனக்கும் கேட்டது. அந்தக் கடைக்குத் தினமும் கொத்தமல்லி சொல்பவரே ஆரிஃபாதான்.

கௌஸ் மிதிவண்டியை ஒரு மரத்தில் சாய்த்தார். கொத்தமல்லிக்காரரின் பெயர், எண், அவர் எத்தனை மணிக்கு எழுவார், கட்டு சிறுத்திருந்தால் எப்படிச் சண்டை போட வேண்டும் என்பதையெல்லாம் நிதானமாகச் சொன்னார். மறுநாள் ஐஸ்காரரைப் பற்றிய கேள்வி வந்தது. அதற்கு மறுநாள் எரிவாயு. போன் பண்ண மாட்டேன் என்று ஆரிஃபா கொடுத்த வாக்கு அப்படியே நிலுவையில் இருந்தது. கௌஸ் அதை அந்தப் பயணத்திலும் கேட்கவில்லை, அதன்பிறகும் கேட்டதில்லை.