எழுந்த வளைவு

சாமிக்கண்ணு வாத்தியார் போய்விட்ட செய்தியை எனக்குச் சொன்னவர் ஜீப் கோவிந்தன். அடிவாரத்தில் என் புளி மண்டியில் மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. போனை எடுத்ததும், "மொதலாளி, வாத்தியார் எழுந்துட்டாருங்க" என்றார். வாத்தியார் சில வாரங்களாக வேலூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தவர். "ரொம்ப நல்லதாப் போச்சு. கஞ்சி கிஞ்சி குடிச்சாரா?" என்று கேட்டேன். "அப்டி இல்லிங்க. ஒரேயடியா எழுந்துட்டாரு" என்றார்.

தப்பு கோவிந்தன் மேல் இல்லை. இடத்தைக் காலி செய்துவிட்டுப் போவதற்கு 'எழுந்துட்டார்' என்று எங்கள் மலைச்சாலையில் சொல்ல வைத்தவர் வாத்தியார்தான். வாத்தியாரின் படத்திறப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் கலசப்பாக்கம் பக்கத்துக்காரன். புளிக்கும் சாமைக்கும் பின்னால் மலையேறி வியாபாரம் கற்றவன். வாத்தியார் மலையிலேயே பிறந்தவர். நெல்லிவாசல்நாட்டில் ஜீப் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே நடக்க வேண்டிய ஓர் ஊர். மலைப் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தினார். எங்கள் இருவரையும் சேர்த்தது கோவிந்தன் ஓட்டும் ஜீப்பின் முன்சீட்டு. நட்பு என்று சொன்னால் அவரே சிரிப்பார். இடம் போதாமல் நெருக்கி உட்கார்ந்தோம், சும்மா வர முடியாமல் வாதாடினோம், அவ்வளவுதான்.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அரசாங்கம் எண் போட்டு வைத்திருக்கிறது. வாத்தியார் பெயர் வைத்தார். டில்லியில் நம் சர்க்கார் உருவாகி வளர்ந்த கதையில் எங்கெங்கே திருப்பம் வந்ததோ, அதையெல்லாம் வரிசையாக வளைவுகளில் ஏற்றிவிட்டார். அடிவாரத்தில் முதல் வளைவு, வெள்ளைக்காரன் ஆட்சியை விட்டு இறங்கினது. அடுத்தது அரசியல் சாசனம். அதற்கு மேலே மொழிவாரியாக மாநிலம் பிரித்தது. எதிரே வருவது தெரியாத குறுகலான திருப்பம் ஒன்று உண்டே, 'ஒலி எழுப்பவும்' என்று பலகை வைத்திருப்பார்கள், அது எமர்ஜென்சி. "பலகைய தப்பா எழுதிட்டாங்க. அப்ப ஒலி எழுப்பக் கூடாதுன்னு இல்ல சொன்னாங்க" என்பார். ஒரு வண்டி பின்னால் வாங்காமல் இன்னொன்று தாண்ட முடியாத இடம், கூட்டணி வளைவு. உச்சிக்குக் கொஞ்சம் முன்னால், மலை ஊர்கள் முதன்முதலாகக் கண்ணுக்குத் தெரியும் இடம் பஞ்சாயத்து வளைவு. "டில்லியில போட்ட சட்டத்துல நம்ம ஊரு தெரிஞ்சது இங்கதான்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஆனால் ஜீப்பில் ஏறுகிறவர்களுக்கு எண்ணைவிடப் பெயர் வசதியாக இருந்தது. ஒரு தடவை புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் அம்மா பின்சீட்டில் இருந்தார். பக்கத்தில் புல்லுக்கட்டோடு இருந்த கிழவி திடீரென்று, "எமர்ஜென்சி, எமர்ஜென்சி! நிறுத்துப்பா!" என்று கத்தினாள். நர்ஸ் அவள் கையைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார். "எனுக்கு ஒண்ணுமில்ல, கைய வுடு தாயீ. எமர்ஜென்சில எறங்கணும், என் மாடு அங்கதான் மேயுது" என்றாள் கிழவி. கோவிந்தன் ஸ்டியரிங் மேல் சாய்ந்து சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. "மாடு மேயற அளவுக்கு அது சாதாரண எடமாப் போச்சு பாருங்க. அதான் பயமா கீது" என்றார்.

எமர்ஜென்சிக்கு அடுத்த வளைவுதான் 'எழுந்த வளைவு'. வரிசையில் அவருக்குப் பிடித்தது அது. சாலை அகலமாகி, கீழே சமவெளி முழுக்கத் தெரியும்.

"எமர்ஜென்சி முடிஞ்சி எலெக்‌ஷன் வெச்சாங்க, ஆண்டவங்க தோத்தாங்க. ஜெயிச்சவங்க வந்து ஒக்காந்தது பெரிசு இல்ல மொதலாளி. போலீசு, பட்டாளம், ஜெயிலு எல்லாத்தையும் கையில வெச்சிக்கினு இருந்தவங்க, தோத்துட்டோம்னு தெரிஞ்சதும் நாற்காலிய வுட்டு எழுந்தாங்க பாருங்க. அதான் திருப்பம்."

"அவங்களா எங்க எழுந்தாங்க? ஜனங்க எழுப்பி வுட்டாங்க" என்றேன்.

"எழுப்பினா எழுந்துடுவாங்களா? உங்க வியாபாரிங்க சங்கத்துல ஒருத்தர எழுப்பிப் பாக்கச் சொல்லுங்க."

பின்சீட்டு முழுக்கச் சிரித்தது. அந்தச் சங்கத்தின் தலைவர் அன்றும் நான்தான், இன்றும் நான்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அவர் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் நின்றார். பதவி ஆசை என்று சிலர் பேசினார்கள். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அவர் ஊருக்கு ஜீப் போகிற ரோடு. பல வருஷங்களுக்கு முன்னால் அவருடைய மனைவியைப் பிரசவ வலியோடு கம்பில் துணித் தூளி கட்டி, ஓடையைத் தாண்டித் தூக்கி வந்தார்கள். ஜீப் நிற்கும் இடம் வரைக்கும் அந்த உயிர் தாங்கவில்லை. இதை அவர் எந்த வீட்டு வாசலிலும் சொல்லி வாக்கு கேட்கவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சொல்லாமல், போன வீட்டிலெல்லாம் வரலாறு நடத்திவிட்டு வந்தார்.

எதிர்த்து நின்றவர் கோவிந்தன். எத்தனையோ பிள்ளைத்தாய்ச்சிகளை ராத்திரி பகல் பார்க்காமல் ஏற்றிப்போனவர். எந்தச் சரக்கு விலைபோகும் என்று எனக்குத் தெரியும். வாத்தியாருக்காகத் துண்டு போட்டுக்கொண்டு நான் சுற்றினாலும், ஜனங்கள் யாருக்குக் குத்துவார்கள் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

ஆனாலும் கொஞ்ச வாக்கில்தான் தோற்றார். வாத்தியார் மறுபடி எண்ணச் சொன்னார். அது அவர் உரிமை. எண்ணினார்கள். அதே முடிவு. அவர் அண்ணன் மகன் நாற்காலியை உதைத்துவிட்டு, "இதுல இன்னாவோ நடந்திருக்குது சித்தப்பா. வாங்க, ரோட்ல ஒக்காருவோம். ஒரு வண்டி போவக் கூடாது" என்று கத்தினான். ஊர்க்காரர்களும் தயாராகத்தான் இருந்தார்கள். வாத்தியார் அதிகாரி நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். உதைபட்ட நாற்காலியை நிமிர்த்தி வைத்தார். "ஒக்கார்றதுக்கு நம்ம ஊருக்கு எங்கடா ரோடு கீது? நடங்க" என்றார்.

வாக்கு எண்ணியது அடிவாரத்தில். திரும்பிப் போக வண்டி வேண்டுமே. மலைக்குப் போகிற வண்டி ஜெயித்தவருடையதுதான். மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு கோவிந்தன் ஓட்ட, நடுவில் வாத்தியார், ஓரத்தில் நான். எமர்ஜென்சியில் ஹாரன் அடித்தார். அடுத்த வளைவில் கோவிந்தன் வேகத்தைக் குறைத்தார்.

"வாத்தியாரே, உங்க வளைவு."

"நிறுத்தாத. நான் கீழயே எழுந்துட்டேன். நீ ஓட்டு."

பஞ்சாயத்து வளைவு வந்தது. விளக்குகள் தெரிந்தன. அவர் ஊர் இருக்கும் பக்கம் மட்டும் இருட்டாக இருந்தது. வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"தலைவரே, எங்க ஊருக்கு ரோடு எப்பங்க?"

வண்டி லேசாக ஆடியது. "இன்னா வாத்தியாரே, நேத்து வரைக்கும் வாடா போடான்னு இருந்துட்டு, இப்ப ங்க போட்டுக்கினு? கிண்டலா?" என்றார் கோவிந்தன்.

"நாற்காலிக்குப் போட்டேன். உனுக்கு இல்ல. கேட்டதுக்கு பதில் சொல்லு."

அதன் பிறகு ஒரு கிராமசபையைக்கூட அவர் தவறவிடவில்லை. ஒவ்வொன்றிலும் எழுந்து, கைகட்டி, அதே கேள்வி, அதே 'ங்க'. தனியாகப் பார்த்தால் "டேய் கோவிந்தா"தான். அந்தக் கேள்விக்குப் பயந்தே கோவிந்தன் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். காட்டு இலாகா அனுமதிக்கு மட்டும் அவர் எத்தனை தடவை அலைந்தார் என்பது எனக்குத் தெரியும். கடைசியில் ரோடு வந்தது, ஓடை வரைக்கும். பாலம் வரவில்லை. அடுத்த தேர்தலில் கோவிந்தனும் தோற்றார். ஒரு இளம்பெண் தலைவரானார். கோவிந்தன் மறுநாள் காலை ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். "எழுந்துட்டியா?" என்று கேட்ட வாத்தியாருக்கு, "எழுந்துட்டேன், ஏறுங்க" என்றாராம்.

வாத்தியாரின் உடல் ஆம்புலன்ஸில் வந்தது. எல்லா வளைவும் ஏறி, புது ரோட்டில் ஓடை வரைக்கும் வந்தது. அங்கே நின்றது. மழை பெய்து முழங்கால் அளவு தண்ணீர். கம்பில் கட்டித் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கம் கோவிந்தன். அக்கரையில் தலைவர் அம்மா மாலையோடு காத்திருந்தார். அவர் முன்னால் வந்ததும் கோவிந்தன் நின்றார். பின்னால் தூக்கியவர்கள் தண்ணீரிலேயே நின்றார்கள்.

"தலைவரே, பாலம் எப்பங்க?"

யாருக்கும் அது கிண்டலாகப் படவில்லை. அந்தப் பெண், "வர்ற கிராமசபையில வெக்கிறேண்ணா" என்றார். "அங்கயும் வந்து கேப்பேங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கோவிந்தன் கால் எடுத்து வைத்தார்.

எங்கள் சங்கத்துக்குத் தேர்தல் வருகிறது. என்னை எதிர்த்துச் சாமை வியாபாரி ஒருவர் நிற்கிறார். அவர் பக்கம் ஆள் சேர்கிறது. நான் சும்மா விட்டுவிட மாட்டேன். கடை கடையாகப் போய் வாக்கு கேட்பேன், தோற்றால் ஒரு முறை மறுபடி எண்ணவும் சொல்வேன். வாத்தியார் செய்ததும் அதுதான். சங்க அலுவலகத்தில் என் நாற்காலி இத்தனை காலமும் மூலைச் சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தது. மேசையைத் தள்ளாமல் அதிலிருந்து எழ முடியாது. அடக்கம் முடிந்து திரும்பிய அன்று, மேசையை இழுத்துப் போட்டு, ஒரு ஆள் எழுந்து வெளியே நடக்க வழி விட்டு வைத்தேன்.