பொரிப் பொட்டலத்தில் போன நாவல்

எனக்குக் கதை எழுதுகிற பைத்தியம் உண்டென்று அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒருத்தருக்கும் தெரியாது. தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்தேன். லேத்தில் கடைந்து வருகிற உருப்படிகளை அளந்து, சரியா தப்பா என்று ரிப்போர்ட் எழுதுவது என் வேலை. பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில், சாப்பாட்டு நேரத்தில், இரண்டு வருஷமாக ஒரு நாவல் எழுதினேன். நூற்றுப்பத்துப் பக்கம். வேறு பிரதி கிடையாது. யார் கண்ணிலும் படக்கூடாதென்று, அச்சடித்த பக்கம் மேலே தெரிகிற மாதிரி மற்ற ரிப்போர்ட்டுகளோடு சேர்த்து அலமாரியில் அடுக்கிவைப்பேன். பெரிய புத்திசாலி!

ஆயுத பூஜையன்று மெஷின்களைக் கழுவித் துடைத்து, நான் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தேன். லேத் ஓட்டுகிறவர் பின்னாலிருந்து கேட்டார்.

"யக்கா, பொரி கட்ட பேப்பர் பத்தல. உன் அலமாரில கீற பழைய ரிப்போர்ட்ட எடுத்துக்கினு போவட்டா?"

கையெல்லாம் சந்தனம். திரும்பிக்கூடப் பார்க்காமல், "எடுத்துக்கோப்பா" என்றேன். என் வாயால் நானே சொன்னேன்.

சாயங்காலம் சேக்காட்டில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து என் பங்குப் பொட்டலத்தைப் பிரித்தேன். பொரிக்கும் பொட்டுக்கடலைக்கும் அடியில் என் கையெழுத்து. ஐயோ என்று அலறினேன். பாம்போ என்று பயந்து என் வீட்டுக்காரர் ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அட, இதுக்கா இந்தக் கூப்பாடு? திருப்பி எழுதிக்கோயேன்" என்றார். அந்த மனுஷனை அப்போது என்ன செய்திருப்பேனோ, எனக்கே தெரியாது.

மறுநாள் கம்பெனி லீவு. மண்ணூர்பேட்டையிலும் மேனாம்பேட்டிலும் என்னோடு வேலை செய்கிறவர்கள் வீடுகளில் ஏறி இறங்கினேன். பொரி வேண்டாம், கட்டின காகிதம் இருந்தால் கொடுங்கள் என்று பிச்சைக்காரி மாதிரி கேட்டேன். ஒரு வீட்டில் அதன்மேல் வடையைப் போட்டு எண்ணெய் வடித்திருந்தார்கள். பல வீடுகளில் குப்பை வண்டிக்குப் போய்விட்டது. "கம்பெனி ரகசியம் எதுனா இருக்குதாம்மா அதுல?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன். அப்போதும் கதை என்று சொல்ல வாய் வரவில்லை. மத்தியானத்துக்குள் கிடைத்தது பத்தொன்பது தாள். தெருவென்றும் பார்க்காமல் அழுதேன்.

கடைசியாக லேத்காரர் வீடு. அவர் மனைவி பொட்டலத் தாளை நீவி, காலண்டருக்குப் பின்னால் செருகிவைத்திருந்தாள்.

"இத்த யாரு எழுதுனது?"

"நான்தான்." முதல்முறையாக ஒரு ஆளிடம் சொன்னேன்.

"அந்தப் பொண்ணு கைக்கொயந்தையோட இடுப்பளவு வெள்ளத்துல எறங்குறாளே, கரை சேந்தாளா இல்லியா? ராவெல்லாம் எனக்குத் தூக்கமே வர்ல, தெரியுமா?"

இரண்டு வருஷம் யாருக்கென்று தெரியாமல் எழுதினேனே, அந்த ஆள் இதோ எதிரில் நிற்கிறாள்.

"சேந்துட்டாம்மா" என்றேன்.

"எப்டி?"

எப்படி என்பதை எழுதத்தான் எனக்கு மூன்று மாதம் ஆனது. அந்தத் தாள்கள் கிடைத்த பத்தொன்பதில் இல்லை.

"உள்ள வா, குந்து. சொல்லிட்டுப் போ" என்று பாயைப் போட்டு, எதிரில் அவளும் உட்கார்ந்தாள். நான் வாயைத் திறந்தேன். எழுதினதில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை.