தவக்காலத்தில் கேரமல்

1. முதல் கடி

ஹோட்டல் மேனேஜர் குக்கீயைக் கடித்தார். ஆனால் மெல்லவில்லை. கடித்த துண்டு வாயில் இருக்க, கண்கள் மட்டும் எங்கள் ஒவ்வொருவர் முகத்துக்கும் போய் வந்தன. பிறகு கைக்குட்டையை எடுத்து, இருமுகிற பாவனையில் துண்டை அதில் விட்டு, நாலாய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். தண்ணீர் கேட்டார். முழு டம்ளரையும் குடித்து முடித்த பிறகுதான் பேசினார்.

"மதாம், இது ஊறுகா ஐட்டம் இல்லியே?"

நான் சொல்வது எங்கள் ஊரில் உப்பளம் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் பின்கட்டில் நடக்கும் சின்ன பேக்கரியைப் பற்றி. வீடு எங்கள் முதலாளியம்மா மதாமுடையது. பிள்ளைகள் பிரான்சில் இருக்க, அவர் மட்டும் இங்கே இருந்துகொண்டு பின்கட்டில் ஓவன் போட்டு கேக்கும் குக்கீயும் செய்து விற்கிறார். நானும் ஸ்டெல்லாவும் ஓவன் வேலை. செல்வி பாத்திரம் கழுவுவதும் டப்பா கட்டுவதும் பார்த்துக்கொள்வாள். இங்கே வருவதற்கு முன்னால் நான் தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் வருஷக்கணக்காக பெல்ட் முன்னால் நின்றவள். பிஸ்கட் வந்துகொண்டே இருக்கும், நான் அடுக்கிக்கொண்டே இருப்பேன். ஒரு பிஸ்கட்டின் முகத்தைக்கூட நின்று பார்த்ததில்லை.

வீட்டில் பேக்கிங் தொடங்கியிருக்கும் பெண்கள் இப்போது என்னிடம் வந்து ரெசிபி கேட்கிறார்கள். ரெசிபிதான் போனைத் தட்டினால் கொட்டுகிறதே. ரெசிபியில் எழுதாத ஒரு விஷயத்தை நான் சொல்கிறேன்.

அன்றைக்கு மேனேஜர் ருசி பார்க்க வந்தது எங்கள் சாக்லேட் கேரமல் பெக்கான் குக்கீயை. பெக்கான் என்பது வால்நட்டின் ஒல்லித் தங்கச்சி. எங்களுக்கு அது மதாமின் மகள் ஊருக்கு வரும்போது சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வந்து சேரும். அந்த ஹோட்டலில் அறைக்கு வரும் விருந்தாளிகளுக்கு எங்கள் குக்கீயை வைப்பதாகப் பேச்சு. மதாம் முன்கூட்டியே எங்களிடம் சொல்லிவிட்டார்: ஆர்டர் வந்தால் பேக்கரி ஓடும், வராவிட்டால் ஈஸ்டர் முடிந்ததும் பின்கட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மகளோடு போய் இருந்துவிடுவார். ஆக, மேனேஜர் வாயில் இருந்தது குக்கீ மட்டுமில்லை, எங்கள் சோறும்தான்.

நல்ல மனுஷன். திட்டவில்லை. சென்னையிலிருந்து ஒரு ஃபேக்டரிக்காரரும் சாம்பிள் அனுப்பியிருப்பதாகவும், நாளைக்கு இதே நேரம் வந்து இன்னொரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார். போகும்போது இன்னொரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

2. விசாரணை

தப்பு எங்கே என்பது உடனே தெரிந்துவிட்டது. கடையில் உப்பில்லாத வெண்ணெய் இல்லையென்று மதாம் உப்பு வெண்ணெய் வாங்கி வந்திருந்தார். வழக்கம்போல ஸ்டெல்லா மாவில் உப்புப் போட்டாள், நான் கேரமலில் உப்புப் போட்டேன். இதெல்லாம் எந்த அடுப்படியிலும் நடக்கிறதுதான். நடக்கக்கூடாதது வேறொன்று. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு: ஒவ்வொரு தட்டிலும் முதல் குக்கீயை உடைத்து ஆளுக்கொரு துண்டு தின்று பார்த்த பிறகுதான் டப்பா மூட வேண்டும்.

"துன்னு பாத்தீங்களா இல்லியா?" என்று மதாம் கேட்டார்.

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். ஸ்டெல்லா மதாமைப் பார்த்தாள். மதாம் திடீரென்று ஜன்னலைப் பார்த்தார்.

விஷயம் இதுதான். அது தவக்காலம். தவக்காலத்தில் எங்களில் பலர் பிடித்த ஒன்றை ஈஸ்டர் வரைக்கும் விட்டுவிடுவோம். சிலர் கறி, சிலர் சீரியல். இனிப்பின் நடுவே வேலை செய்கிறவள் எதை விடுவாள்? நான் இனிப்பை விட்டிருந்தேன். ஸ்டெல்லாவும் இனிப்பைத்தான் விட்டிருந்தாள். மதாமும் அதையேதான். சரி, விட்டதை வாய் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று சர்ச்சில் சாமியார் பிரசங்கத்தில் நோன்பை ஊருக்குக் காட்டாதீர்கள், பக்கத்தில் இருக்கிறவருக்குக்கூடத் தெரிய வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருந்தார். மூன்று பேரும் அதே பூசையில்தான் இருந்தோம். மூன்று பேருக்கும் அது நன்றாகக் கேட்டிருந்தது.

அதனால் நான் என் துண்டை ஏப்ரன் பையில் போட்டுவிட்டு வாயை மட்டும் அசைத்திருக்கிறேன். ஸ்டெல்லா பின்பக்க ஜன்னல் வழியாகக் காக்காய்க்கு வீசியிருக்கிறாள். மதாம் காபியோடு சாப்பிடுகிறேன் என்று உள்ளே கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுத் தையல்காரருக்குக் கொடுத்திருக்கிறார். ஆளுக்கு ஆள் மற்ற இரண்டு பேர் ருசி பார்த்துவிட்டார்கள் என்ற நிம்மதியில் தலையை ஆட்டியிருக்கிறோம். அந்தத் தவக்காலத்தில் எங்கள் தெருக் காக்காய்கள் எப்படிக் கொழுத்தன என்பது அப்போதுதான் புரிந்தது.

மிச்சம் இருந்தது செல்வி. அவளுக்குத் தவக்காலம் கிடையாது, அவள் கும்பிடுவது நெல்லித்தோப்பு மாரியம்மனை. அவளிடம் கேட்டால், தன் துண்டைத் தின்றதாகச் சொன்னாள்.

"பின்ன ஏன்டி சொல்லல?" என்றாள் ஸ்டெல்லா.

"வெளிநாட்டு ஐட்டம் இப்டித்தான் கரிக்கும்னு நெனச்சேன்க்கா. பாதிய கீழ வெச்சிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சி."

மதாம் நாற்காலியில் உட்கார்ந்து "மொன் தியே" என்றார், கடவுளே என்று அர்த்தம். அவருக்கு நிஜமாகவே கோபம் வந்தால்தான் பிரெஞ்சு வரும்.

3. ரெண்டாவது தட்டு

பெக்கான் ஒரே ஒரு பாக்கெட்தான் மிச்சம் இருந்தது. அதுவும் போனால் மதாமின் மகள் அடுத்து ஊருக்கு வருகிற வரை வேறு வழியில்லை. மறுநாள் காலையில் மதாமே நாலு கடை ஏறி இறங்கி உப்பில்லாத வெண்ணெய் கொண்டுவந்தார். இந்தத் தடவை ருசி பார்க்கும் பொறுப்பு செல்விக்கு என்று எங்கள் முன்னால் அறிவித்தார். நல்லாருக்கு, நல்லால்ல, இரண்டில் ஒன்றை மனசு அறிந்து சொல்ல வேண்டும், முகத்துக்காகச் சொல்லக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். செல்வி சாமி முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

ஸ்டெல்லா சாக்லேட் மாவை உருண்டை பிடித்துக் கட்டைவிரலால் நடுவில் குழி வைத்தாள். நான் அடி கனத்த பாத்திரத்தில் தண்ணீர் விடாமல் சர்க்கரையை உருக்கினேன். தேன் நிறம் தாண்ட வேண்டும், டிகாக்‌ஷன் நிறம் வந்துவிடக் கூடாது. அந்த இடைவெளியில் வெண்ணெயும் கிரீமும் போட்டுக் கிளற வேண்டும். கொஞ்சம் அசந்தால் கசக்கும். குக்கீ வெந்து வந்ததும் குழியில் கேரமலை ஊற்றி, மேலே பெக்கானை அழுத்தி, திரும்ப ஓவனில் கொஞ்ச நேரம் வைத்தோம். வெளியே எடுத்து ஆறவிட்டு, மதாம் ஒரு துண்டை செல்வியிடம் கொடுத்தார். செல்வி மரியாதையாகத் திரும்பி நின்றுகொண்டாள். பிறகு திரும்பி, "நல்லாருக்கு மதாம்" என்றாள்.

அந்த நல்லாருக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நேற்றும் இதே நல்லாருக்குதான். கேரமல் கொஞ்சம் கூடுதலாகக் கறுத்துவிட்டதோ என்று வேறு எனக்கு உறுத்தல். கல்யாணமான வருஷத்திலிருந்து தவக்காலத்தில் ஒரு சர்க்கரைத் துணுக்கு என் நாக்கில் பட்டதில்லை. வீட்டுக்காரர் லட்டைக் காட்டிக் காட்டிக் கிண்டல் செய்தும் அசைந்ததில்லை. ஆனால் அந்த பெல்ட் முன்னால் திரும்பப் போய் நிற்பதை நினைத்தால் நோன்பு பெரிதாகத் தெரியவில்லை. பயம்தான். சாமி மன்னிப்பார், பிஸ்கட் கம்பெனி சூப்பர்வைசர் மன்னிக்க மாட்டார்.

பாத்திரத்தில் ஒட்டியிருந்த கேரமலைக் கரண்டியில் வழித்து, ஒரு உடைந்த குக்கீயையும் எடுத்துக்கொண்டு ஸ்டோர் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நன்றாக இருந்தது. கெட்டுப்போயிருந்தால் பாவம் கொஞ்சம் குறைந்திருக்கும். அத்தனை நன்றாக இருந்ததுதான் கஷ்டம். சரியாகப் பார்த்தோமா என்று சந்தேகம் வந்து, இன்னொரு துண்டையும் தின்றேன். கேரமல் கடைவாய்ப் பல்லில் ஒட்டிக்கொண்டது. தண்ணீரைக் கொப்பளித்துக்கொண்டு, ஒன்றும் தெரியாத பூனைமாதிரி வெளியே வந்தேன்.

4. பதில்

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். தட்டை முன்னால் வைத்தோம். அவர் கையை நீட்டவில்லை. ஒரு தடவை சூடு கண்டவர் ஆயிற்றே.

"இன்னிக்காவது யாராவது ருசி பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றேன். அதே நொடியில் என் வலப்பக்கம் இன்னொரு 'பாத்தேன்' கேட்டது. இடப்பக்கத்திலும் ஒன்று. ஸ்டெல்லா, மதாம், நான். மூன்று பேரும் மெதுவாகக் கழுத்தைத் திருப்பி ஒருவரை ஒருவர் பார்த்தோம். ஸ்டெல்லாவின் கன்னம் ஒரு பக்கம் இன்னும் லேசாக உப்பியிருந்தது. மதாமின் வெள்ளைச் சேலை முந்தானையில் சாக்லேட் இருந்தது. அத்தனை வயதுக்கு மதாம் வெட்கப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மேனேஜருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மூன்று சாட்சி கிடைத்த தைரியத்தில் ஒரு குக்கீயை எடுத்தார். கடித்தார். மென்றார். எத்தனை டப்பா, எந்தக் கிழமை என்று பேசிக்கொண்டே இரண்டாவதையும் எடுத்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆர்டர் எங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு நாலு குக்கீ கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

அவர் கேட்டைத் தாண்டும்வரை அடக்கிவைத்திருந்த சிரிப்பு அதற்கப்புறம் அடங்கவில்லை. சிரித்து முடித்த மதாம், எதற்கும் இருக்கட்டும் என்று செல்வியிடம் கேட்டார், அவள் துண்டு எப்படி இருந்தது என்று.

செல்வி ஏப்ரன் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கேரமல் பையோடு ஒட்டிக்கொண்டு நூல் நூலாக வந்தது.

"தப்பா சொல்லிட்டா வேல போய்டும்னு பயந்துட்டேன் மதாம். இன்னிக்கி நான் வாயிலயே வெக்கல."

ஆக, அந்தத் தவக்காலத்தின் அந்த ஒரு நாளில் எங்கள் அடுப்படியில் நோன்பைக் காத்தவள் மாரியம்மனைக் கும்பிடுகிற செல்வி மட்டும்தான்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெண்ணெய் மாறும், ஓவன் ஏமாற்றும், கை தவறும். தின்று பார்க்க ஒரு ஆள் இருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம். அத்தனை பேரும் புண்ணியவதிகளாக இருக்கிற அடுப்படி உருப்படாது. இப்போதெல்லாம் சாம்பல் புதனுக்கு முன்பே முறை போட்டுவிடுகிறோம்: ஒருத்தி வேறு எதையாவது விட்டுக்கொள்ளலாம், இனிப்பைத் தின்றே ஆக வேண்டும். இந்த வருஷம் அந்தப் பாவி நான். வேலையில் அக்கறை ஜாஸ்தி என்பதால் தட்டுக்கு இரண்டு துண்டாகப் பார்க்கிறேன்.