ஒற்றை ஜிமிக்கிக்கு ஒரு பெட்டி

பழனிச்சாமி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்ற செய்தி காலை ஆறரை மணிக்கு நம் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே இன்று தண்ணீர் வராது என்ற அறிவிப்பு, கீழே காணாமல் போன ஒரு பூனையின் படம். அடுப்பை அணைத்துவிட்டு அத்தையிடம் போய்ச் சொன்னேன். என் மாமியாரைத்தான் அத்தை என்கிறேன். "நேத்துக்கூடப் பேசிட்டிருந்தாரே கண்ணு" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் அழுதேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அழுகையோடு நெஞ்சின் ஒரு மூலையில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அண்ணன் வீட்டு வாசலில் கூடியிருந்த உங்களில் பாதிப் பேர் முகத்திலும் அதே நிம்மதியைப் பார்த்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் எல்லோருடைய நகை ரகசியமும் அந்த ஒரு மனிதரிடம்தான் இருந்தது.

வெளியூர் உறவினர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். அண்ணன் கௌதள்ளியிலிருந்து மைசூருக்கு வந்து, முப்பது வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர். ஓய்வு பெற்றதும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, ஸ்கூட்டர் நின்ற இடத்தில் ஒரு மேசையைப் போட்டு நகைப்பெட்டி செய்ய உட்கார்ந்துவிட்டார். தச்சு வேலை யாரிடமும் கற்றதில்லை. ஸ்கூட்டர் அன்றிலிருந்து மழையில் நின்றது. ஈட்டி மரத் துண்டுகளை வாங்கி, இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூடியில் வெள்ளை மரச் சில்லுகளால் யானை பதிப்பார். மைசூரில் யானை பார்க்காத மனிதர் கிடையாது. இருந்தும் அவருடைய யானைகள் எல்லாம் பன்றியாகவே பிறந்தன. ஒருமுறை வாய் சும்மா இருக்காமல் கேட்டேவிட்டேன். "குட்டிங்க டீச்சர். வளந்தாச் சரியாப் போயிரும்" என்றார்.

அவரிடம் ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. நகையைக் கண்ணால் பார்க்காமல் பெட்டி செய்ய மாட்டார். "ஆளப் பாக்காமச் சட்டை தைப்பாங்களா?" என்பார். நகையை ஒரு பழுப்புத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் கோடு போட்டு, அந்த வடிவத்துக்குத்தான் உள்ளே குழி வெட்டி வெல்வெட் ஒட்டுவார். இதில்தான் தெருவே மாட்டிக்கொண்டது. யாருடையது கவரிங், யாருடையது வங்கியில் அடகில் இருக்கிறது, யாருடையது தங்கையிடம் இரவல் வாங்கியது, எல்லாம் அவருக்குத் தெரிந்தது. நம்மில் ஒருவர், பெயர் சொல்ல மாட்டேன், பெரிய பதவியில் இருந்தவர், மனைவியின் ஏழு வட முத்துமாலைக்குப் பெட்டி கேட்டு ஒரு போட்டோவைக் கொண்டுபோனார். மாலை லாக்கரில் இருக்கிறதாம். அண்ணன் போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஃப்ரேம் கடைக்குத்தாங்க போகோணும்" என்று திருப்பிக் கொடுத்தார். ஆனால் மாலை ஏன் வரவில்லை என்று அவர் யாரிடமும் பேசவில்லை. பேசியது அந்த மனிதரேதான்.

அண்ணனின் மனைவி மரகதம் அக்காவுக்கு இந்தத் தொழிலில் துளியும் மரியாதை இல்லை. "முப்பது வருசம் ஊரு மீட்டரப் பாத்தாரு, இப்ப ஊரு கம்மலப் பாக்கறாரு" என்பார். அக்காவின் நகைகள் இன்றுவரை ஒரு பிஸ்கட் டின்னில்தான் இருக்கின்றன. "திருடன் வந்தா மொதல்ல பெட்டியத்தான் தூக்குவான். பிஸ்கட்ட எவன் தூக்குவான்?" என்று கேட்டார். அண்ணன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். கல்யாணத்தின்போது அத்தை எனக்கு ஒரு ஜோடி ஜிமிக்கி கொடுத்தார். "எங்கம்மா காதுல இருந்ததுடா கண்ணு, பத்திரம்" என்று சொல்லித்தான் கொடுத்தார். நல்ல நாள் பெரிய நாளில் மட்டும் போடுவேன். நான்கு வருடங்களுக்கு முன்னால் மேல்கோட்டைக்குப் போய் பஸ்ஸில் திரும்பி வந்த அன்று, வீட்டில் கண்ணாடி முன்னால் நின்றபோது ஒரு காது வெறுமையாக இருந்தது. எனக்கு உயிரே இல்லை. பஸ் நிலையத்துக்கு ஓடினேன், சீட்டுகளுக்கு அடியில் தவழ்ந்தேன், கிடைக்கவில்லை. அத்தையிடம் சொல்லத் துணிவும் இல்லை. கோபக்காரர் என்பதால் அல்ல. ஒரு வார்த்தைகூடத் திட்டாமல், தன் அம்மாவை நினைத்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்வார். அதை என்னால் பார்க்க முடியாது. காதில் புண் என்று பொய் சொன்னேன். கணக்கு டீச்சர் சொல்லும் பொய் என்பதால் நான்கு வருடம் தாங்கியது.

அதற்கிடையே, ஒன்றரை வருடத்துக்கு முன்னால், எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாள் வந்தது. அத்தை அண்ணனிடம் பெட்டிக்குச் சொல்லிவிட்டு வந்து, "அந்த ஜிமிக்கியக் கொண்டுபோய் அளவு குடுத்துட்டு வா" என்றார். ஒற்றை ஜிமிக்கியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனேன்.

"ஜோடி எங்கீங்க?" என்றார் அண்ணன்.

"ரெண்டும் ஒரே அளவுதானே அண்ணா, ஒண்ணு போதாதா?"

"செருப்புத் தைக்கறவன்கூட ரெண்டு காலையும் கேப்பானுங்க டீச்சர்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஜிமிக்கியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் நீர் வழிய, இருமல் வந்து, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு பெண் வாழ்க்கை போகிறது என்று அழுகிறாள், இந்த மனிதருக்கு அப்படி என்ன சிரிப்பு? "இர்லி பிடி டீச்சர், இருக்கட்டும் விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

பெட்டியை அவரே கொண்டுவந்தார். உள்ளே ஒரே ஒரு குழி. அதை ஒட்டி நடுத் தடுப்பாக ஒரு சின்னக் கண்ணாடி நின்றது. ஜிமிக்கி ஒன்று, அதன் பிம்பம் ஒன்று, பார்த்தால் அச்சு அசல் ஜோடி. "யாரும் கைய வெக்காதீங்க, வார்னிஷ் காயல" என்று எச்சரித்தார். அத்தை எட்ட நின்று பார்த்தார். "ஆமாமா, ரெண்டும் இருக்குது" என்று சட்டென்று மூடியைச் சாத்தினார். அந்த வார்னிஷ் அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் காயவில்லை. வார்னிஷ் காய்ந்ததா என்று பார்க்க அண்ணன் எங்கள் வீட்டுக்கு வாரம் ஒரு நாள் இரண்டு தடவை வந்து, காலையில் அத்தை கையால் ஒரு காபி, மாலையில் என் கையால் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்.

பத்தாம் நாள் காரியம் முடிந்து வீட்டுக்கு வந்து குளித்ததும், அத்தை சமையலறையில் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு சொல்லோணும் கண்ணு. பழனிச்சாமிக்கு மட்டுந்தான் தெரியும். இனி எனக்குத் தாங்காது" என்றார். என் கல்யாணத்துக்கு முந்தின வருடம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரியில் குளிக்கும்போது ஒரு ஜிமிக்கியை அவர் ஆற்றில் விட்டுவிட்டாராம். என் மாமனாருக்குத் தெரியாமல் கவரிங்கில் ஒன்று செய்து ஜோடி சேர்த்துத்தான் எனக்குக் கொடுத்தாராம். "மருமவளுக்குப் பித்தளையக் குடுத்தவ நானு" என்று விசும்பினார். நான் உறவினர் முன்னால் வெட்கப்படும்படி ஆகிவிடக் கூடாதே என்று, அளவெடுக்கும்போது ஒன்று கவரிங் என்பதைக் காட்டிக்கொள்ள வேண்டாம் என அண்ணனிடம் முதலிலேயே போய்ச் சொல்லியிருக்கிறார்.

நானும் என்னுடையதைச் சொன்னேன். அத்தை கண்ணைத் துடைப்பதை நிறுத்தினார்.

"தொலைச்சது எதை? தங்கமா, கவரிங்கா?"

"தெரியாது அத்தை. இருக்கறது எதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

"எனக்கே தெரியாதுடா. தட்டான் அப்படிப் பண்ணியிருந்தான்."

பெட்டியைத் திறந்தோம். "ஒண்ணு தொலைஞ்சதுன்னியே, ரெண்டும் இருக்குதே" என்று அத்தை முதல்முறையாக இரண்டாவது ஜிமிக்கியை எடுக்கக் கையை நீட்டினார். நகம் கண்ணாடியில் தட்டியது. அப்புறம் தரையில் உட்கார்ந்து நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில், என் வீட்டுக்காரர் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டதும், நகைக் கடையில் ஐந்து நிமிடத்தில் உரசிச் சொல்லிவிடுவார்கள் என்றார். இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். இனி எதுவானால் என்ன?

அன்று இரவு எனக்கு அண்ணன் மேல் கோபம் கோபமாக வந்தது. நாங்கள் ஒருவருக்கொருவர் பயந்து செத்துக்கொண்டிருந்தபோது, இரண்டு பேரிடமும் காபி குடித்துவிட்டு வாயைத் திறக்காமல் போனவர். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வீட்டில் இப்போது இருக்கும் பயமின்மை. அதை அவர் முன்பே கொடுத்திருக்கலாம், நாங்களும் முன்பே கேட்டிருக்கலாம். அன்று மேசையைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தாரே, அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள நானும் அத்தையும் பத்து நாள் தாமதமாக வந்து நிற்கிறோம், அண்ணா.