அம்மா மேல் போட்ட பழி

துப்பாக்கி சுடும் போட்டிக்காக, புலம்பெயர்ந்து வந்த வால்தம்ஸ்டோ வீட்டில் வெடிமருந்தைத் தராசில் நிறுத்துத் தோட்டாக் கோதுகளில் போட்டுக்கொண்டிருந்தேன். எல்லாவற்றிலும் ஒரே அளவு இருந்தால்தான் குண்டுகள் ஒரே இடத்தைத் துளைக்கும்.

"கவனமடா தம்பி, உன்ர மனுசி தேத்தண்ணிக்குக் கூப்பிடப்போறா," என்று சிரித்தார் பெரியப்பாவின் மகன்.

மருந்து மணத்தோடு அந்தச் சிரிப்பும் சேர, என் பத்தாவது வயதின் ஒரு வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது.

வன்னி வீட்டில் அப்பா காட்டுப்பன்றிக்குத் தோட்டா கட்டும்போது யாரும் வாய் திறக்கக்கூடாது. அன்று பெரியப்பா எதிரே உட்கார்ந்து காணி வழக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டேயிருந்தார். அப்பா "ஓம், ஓம்" என்றபடி ஒரே கோதில் இரண்டு தடவை மருந்து போட்டுவிட்டார். மாலையில் சுட்டபோது துவக்கின் குழல் வெடித்துச் சிதறி, அவருடைய மூன்று விரல்கள் போயின.

"தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுக் குழப்பினவள் இவள்தான்," என்று அம்மாவைக் காட்டிப் பெரியப்பா சாகும்வரை ஊரெல்லாம் சொன்னார். வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகும் அம்மா அன்று வீட்டிலேயே இல்லை. நான் பயந்து பேசாமல் இருந்துவிட்டேன்.

தராசைத் தள்ளி வைத்தேன்.

"அம்மா அண்டைக்குக் கோயிலிலை, அண்ணை. கதைச்சது உங்கட அப்பா. நான் பக்கத்திலை இருந்தனான்."

"பழைய கதை, விடடா."

"விட ஏலாது. ஹவுன்ஸ்லோவிலை இருக்கிற அம்மாவுக்குப் போன் எடுங்கோ. அது பொய்ப்பழி எண்டு நீங்களே சொல்லுங்கோ."

பேச்சில் அளவு தவறியிருக்கலாம் என்று, நிரப்பிய கோதுகளை எல்லாம் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, அவர் போன் எண்களை அழுத்தும்வரை அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.