விசை இல்லாத எழுத்து

ஈப்போவில் நான் வேலை செய்யும் அச்சுக்கடைக்குக் கருமாதி கார்டுகள்தாம் அதிகம் வரும். ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டு வந்தவன் நான். ஆட்களிடம் பேசக் கூச்சம். கணினியிடம் அந்தத் தொல்லை இல்லை.

பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்த அண்ணன், முன்பு கடைப்பலகைகளைத் தூரிகையால் எழுதியவர். தம் கையெழுத்தையே எழுத்துருவாக ஆக்கிக் கணினியில் வைத்திருந்தார். அதில் ஓர் எழுத்து மட்டும் இல்லை. அவர் பெயரின் முதல் எழுத்து. அந்த விசையைத் தட்டினால் வெறும் கட்டம்தான் வரும்.

"எப்பண்ணே இதப் போடுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"சாவு கார்டு அடிக்கிற எழுத்துலா இது. என் பேர நானே எழுதிக் குடுக்கணுமா? ஒனக்கு ஆசையா இருந்தா ஒன் பேர ரெண்டு தடவ அடிச்சுக்க."

இருவரும் சிரித்தோம். யாருக்காவது அந்த எழுத்து தேவைப்பட்டால் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்து ஒட்டுவோம்.

அண்ணன் நெஞ்சுவலியில் போனார். ஒரு வாரம் கழித்து அவர் மனைவி கடைக்கு வந்தார்.

"தம்பி, பதினாறாம் நாள் கார்டு முழுக்க அவரு கையெழுத்துல வேணும். பேரும்தான். வேற எழுத்துல போட்டா யாரோ செத்த மாதிரி இருக்கும்."

அந்த ஓர் எழுத்து இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன்.

அதற்குள் பழைய கணினியைத் தூக்கிவிட்டு முதலாளி புதியது வாங்கியிருந்தார். எழுத்துருவை மட்டும் பென்டிரைவில் எடுத்து வைத்திருந்தேன். அதன் கோப்பு வகை பழையது. புதிய கணினி திறக்க மறுத்தது. ஒரு வகையை இன்னொரு வகையாக மாற்றும் சின்ன நிரல் ஒன்றை இணையத்தில் தேடிப் பிடித்தேன். மாற்றும் முன், கோப்பில் இருக்கும் எல்லா எழுத்துகளையும் அது கட்டம் கட்டமாகக் காட்டும். விசை ஒதுக்காதவற்றையும் காட்டும்.

வெளியே மாலை மழை. கட்டங்கள் மெதுவாக நிரம்பிக்கொண்டு வந்தன. எல்லாம் முடிந்த பிறகும் கடைசியில் ஒரு கட்டம் திறந்தது.

அந்த எழுத்து.

மற்ற எழுத்துகள் உறுதியான கையில் எழுதியவை. இதன் வால் நடுங்கியிருந்தது. கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்ட நாளைப் பார்த்தேன். அவர் இறந்ததற்கு முந்தைய நாள். ஞாயிற்றுக்கிழமை. கடை பூட்டியிருக்கும் நாள்.

எழுத்தைப் படமாக எடுத்துப் பெயரின் தொடக்கத்தில் ஒட்டி அச்சடித்தேன்.

கார்டுகளை வாங்க வந்த அண்ணன் மனைவி, பெயரின் மேல் விரலை வைத்தார். "இதப் போடவே மாட்டேம்பாரே. எப்பத் தம்பி போட்டாரு?"

"தெரியாதுக்கா."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "ஞாயித்துக்கெழம சாவிய எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போனாரு. லீவு நாள்ல என்ன வேலைன்னு கேட்டேன். ஒண்ணு பாக்கி இருக்குன்னாரு. வந்து ரொம்ப நேரம் கை கழுவுனாரு."

கார்டுகளைப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன்" என்று கிளம்பினார்.

அந்த எழுத்துக்கு நான் இன்னும் விசை ஒதுக்கவில்லை. வேறு யார் பெயரிலாவது அது வந்தால் பழையபடி வேறு எழுத்துருவில் இருந்துதான் எடுத்து ஒட்டுகிறேன்.