பொட்டு வைத்த பாட்டரிகள்

“விஜயதசமி, 1996. பாட்டரிக் குழப்பம். அட்டன் போகவில்லை.” நாட்காட்டித் தாளில் நான் எழுதிவைத்த குறிப்பு இது.

அப்போது தலவாக்கலையில் எங்கள் தேநீர்க் கடையிலேயே பாட்டரி சார்ஜ் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தோம். கரண்ட் இல்லாத தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் கார் பாட்டரியில்தான் டிவி ஓடியது. எது யாருடையது என்று சோக்கட்டியால் எழுதிவைப்போம். விஜயதசமிக்கு முதல்நாள் ஆயுதபூசைக்காக என் மனைவி எல்லாப் பாட்டரிகளையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். பெயர்கள் அழிந்துவிட்டன.

மறுநாள் காலை பக்கத்து ஊரான அட்டனில், அவள் அம்மா வீட்டில், அவளுடைய தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். அங்கே போகப் பையுடன் கிளம்பியவளைப் பாட்டரி எடுக்க வந்தவர்கள் வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

“எல்லாம் கல்யாணப் பொண்ணு கணக்கா நிக்குதே அக்கா, என்னோடது எதுங்க?”

“எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு தம்பி.”

“தொடச்சது நீங்கதானே? நீங்க போயிட்டா அடையாளம் யாரு சொல்றது?”

புதிய பாட்டரியை மூன்று பேர் தங்களுடையது என்றார்கள். தோளில் தொங்கிய பையை இறக்காமலே அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டன் பஸ்கள் கடை முன்னால் வந்து போய்க்கொண்டிருந்தன. யாரும் வழிவிடவில்லை. மதியம்தான் கடை காலியானது.

அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. மூத்தவள் வராததை மாப்பிள்ளை வீட்டார் குறையாக நினைத்தார்கள் என்று அட்டனில் இன்னும் சொல்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதை நேரில் கேட்டவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.